பாறையும் பசியும்



அரசி ஜெசபேலின் சினத்துக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடிய எலியா இறைவாக்கினரின் வரலாறு நாமெல்லாம் அறிந்ததே. சூரைச்செடி ஒன்றின் அடியில் சோர்ந்து விழுந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு அவர் இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலுக்கு விண்ணகம் அளித்த விடை என்ன? தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீருமே. வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி உண்ணச் சொன்னார். உண்டுவிட்டு மீண்டும் படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். அவர் நடக்கவேண்டிய வழி மிக நெடியதாக இருந்தது. அவ்வுணவின் வலிமையால் நாற்பது நாள் நடந்து அவர் ஓரேபு மலையை அடைந்தார் என்று அரசர்கள் முதல் நூல் கூறுகின்றது. முதலில் அப்பம், பின்னர் மலை. இதுவே வேதாகமம் காட்டும் ஒழுங்கு.

இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, அப்பத்தை விலக்கிவிட்டு உயரே ஏற முயன்ற இளைஞர் சிலரைப் பற்றி இம்மாதம் எழுத விழைகின்றேன். அவர்கள் மேல்நாடுகளில் பாறையேறுதலை விளையாட்டாகப் பயின்று, அதன் உச்சநிலையை எட்டியவர்கள். பாறையேறும் போட்டிக்கும் கத்தோலிக்கக் குடும்ப இதழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். உடல், பசி, ஒறுத்தல், அதிகாரத்தில் உள்ளோரின் கடமை ஆகிய நான்கும் அங்கே ஒன்றாய்ச் சந்திக்கின்றன. இந்நான்கும் நம் இல்லங்களிலும் உள்ளவை அன்றோ?

முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். மலையேறுதலைத் திருச்சபை வெறுத்ததில்லை. பின்னாளில் பதினோராம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசராக விளங்கிய அக்கில்லே ராத்தி, இளங்குருவாய் இருந்தபோது தேர்ந்த மலையேறியாகத் திகழ்ந்தார். 1889-ஆம் ஆண்டில் மோன்தே ரோசா மலையின் கொடிய கிழக்குச் சரிவு வழியாக அவர் தோழர்களுடன் ஏறி, 4,634 மீட்டர் உயரமுள்ள சிகரத்தை அடைந்தார். உச்சிக்கு அருகே ஒரு சிறிய பாறைத்திட்டில் இரவைக் கழித்தார். அவரே 1923-இல், மெந்தோன் நகரப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 2025 செப்டம்பர் 7 அன்று பாப்பரசர் பதினான்காம் லியோ புனிதர் நிலைக்கு உயர்த்திய பியர் ஜார்ஜோ பிரசாத்தியும், ஆல்ப்ஸ் மலைகளில் நண்பர்களோடு ஏறி மகிழ்ந்த துரின் நகர மாணவரே. ஏழைகளுக்குத் தம்மிடமிருந்ததை அள்ளிக் கொடுத்த அந்த இளைஞர் 24 வயதில் இறந்தார். ஆகவே நான் எழுதப் புகுவது இவ்விளையாட்டைப் பழிப்பதற்காக அன்று. அதை நேசிப்போரே எழுப்பிய எச்சரிக்கைக் குரலை உங்களுக்கு எட்டச் செய்வதற்காகவே.

பாறையேறுதல் முன்னாளில் மலைகளிலேயே நடைபெற்றது. 1985-இல் இத்தாலியிலுள்ள பர்தொனெக்கியா என்னுமிடத்தில் பாறை முகப்பில் பெரிய அளவில் போட்டி நடத்தப்பட்டது. பின்னர், செயற்கைச் சுவர்களில் பிடிமானங்களைப் பொருத்திப் போட்டியிடும் முறை பரவியது. தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போன அவ்விளையாட்டுகளில், 2021 ஆகஸ்டு 6 அன்று, ஸ்லொவேனியா நாட்டைச் சேர்ந்த யான்யா கார்ன்பிரெட் என்னும் 22 வயது நங்கை பொற்பதக்கம் வென்றார். ஆண்டவர் மலைமீது உருமாறியதை நாம் கொண்டாடும் திருநாள் அது. 2024-இல் பாரிஸ் நகரிலும் அவரே பொற்பதக்கம் பெற்றார். இவரைப் பற்றிப் பின்னரும் பேசுவோம்.

இவ்விளையாட்டில் உணவு ஏன் இத்துணைப் பெரிய சிக்கலாயிற்று? விடை எளிது. ஓடுபவரைத் தரை தாங்குகின்றது. நீந்துபவரைத் தண்ணீர் தாங்குகின்றது. பாறையில் ஏறுபவரோ தம் உடலின் முழுச் சுமையையும் தாமே தூக்கிச் செல்கின்றார். சில வேளைகளில் இரண்டு சென்டிமீட்டர் அகலமேயுள்ள விளிம்பில் விரல்நுனிகளை ஊன்றித் தொங்க வேண்டியிருக்கின்றது. ஒருவரின் எடை 60 கிலோ எனில் அவ்விரல்கள் 60 கிலோவைத் தாங்க வேண்டும். அது 57 கிலோவாகக் குறைந்தால் சுமையில் இருபதில் ஒரு பங்கு உடனே நீங்கிவிடுகின்றது. விரல் வலிமையை அந்த அளவுக்குப் பயிற்சியால் கூட்டுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். உணவைக் குறைத்து மூன்று கிலோ இழப்பதற்குச் சில வாரங்கள் போதும். இங்கேதான் சோதனை நுழைகின்றது. ஏதேன் தோட்டத்தில் சோதனை உண்ணும்படி தூண்டியது. இங்கே உண்ணாதிருக்கும்படி தூண்டுகின்றது.

இச்சோதனை முழுப் பொய்யாய் இருந்தால் ஒருவரும் அதில் விழமாட்டார். எடை குறைந்தவுடன் முதற் சில வாரங்கள் அவர் முன்னிலும் நன்றாகவே ஏறுகின்றார். நேற்றுவரை எட்டாத பிடிமானம் இன்று எட்டுகின்றது. பயிற்சியாளர் பாராட்டுகின்றார், தோழர்கள் வியக்கின்றனர். பசியே வெற்றியின் திறவுகோல் என்று இளமனம் முடிவு கட்டிவிடுகின்றது. கடன் வாங்கியவன் கையில் பணம் புரளும் முதல் மாதம் போன்றது இது. வட்டி கேட்க வருபவன் இன்னும் வாசலுக்கு வரவில்லை, அவ்வளவே.

அவ்வட்டி எவ்வாறு வசூலிக்கப்படுகின்றது என்பதை மருத்துவர் தெளிவாகக் கண்டறிந்துள்ளனர். நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் முதற்பங்கை உடற்பயிற்சி எடுத்துக்கொள்கின்றது. எஞ்சியதைக் கொண்டே இதயம் துடிக்க வேண்டும். எலும்பு வளர வேண்டும். குருதி ஊற வேண்டும். நோயை எதிர்க்கும் வலிமை நிலைக்க வேண்டும். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 45 கலோரி எஞ்சினால் உடல் செம்மையாக இயங்கும் என்பர். அது 30-க்குக் கீழே இறங்கினால் தீங்கு விளையும் வாய்ப்பு மிகுதி.

ஓர் எடுத்துக்காட்டினால் இதை விளக்குவோம். ஒரு நங்கையின் கொழுப்பு நீங்கலான எடை 45 கிலோ என்று கொள்வோம். அவர் நாளொன்றுக்குப் பயிற்சியில் 600 கலோரி செலவிடுகின்றார். அவர் நலமாய் வாழ ஏறத்தாழ 2,600 கலோரி உணவு வேண்டும். எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு அவர் 1,800 மட்டுமே உண்டால், பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சுவது 1,200. கிலோவுக்கு 27-க்கும் குறைவு. 1,800 கலோரி என்பது பட்டினியாகத் தோன்றுவதில்லை. வீட்டில் வேளைக்கு உணவு உண்பவராகவே அவர் காணப்படுவார். ஆயினும் அவருடைய உடல் பட்டினியில் இருக்கின்றது.

இங்ஙனம் பட்டினியில் சிக்கிய உடல், வருவாய் குன்றிய குடும்பத்தலைவி செய்வதையே செய்கின்றது: இன்றைக்கு இன்றியமையாததை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனைய செலவுகளை ஒவ்வொன்றாய் நிறுத்துகின்றது. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுகின்றது, அல்லது நின்றே போகின்றது. அதனோடு எலும்பைக் காக்கும் சுரப்புநீரும் குன்றுகின்றது. ஆண்களும் தப்புவதில்லை, அவர்களுடைய ஆண்மைச் சுரப்புநீர் தாழ்கின்றது. எலும்புகள் அடர்த்தி இழந்து, விழாமலே நுண்ணிய முறிவுகளைப் பெறுகின்றன. காயங்கள் ஆறத் தாமதமாகின்றன. சளியும் காய்ச்சலும் அடிக்கடி தாக்குகின்றன. உறக்கம் கெடுகின்றது; உள்ளம் இருளடைகின்றது. 2014-ஆம் ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வல்லுநர்கள் இத்தீங்குகள் அனைத்தையும் ஒன்றாகத் தொகுத்து, விளையாட்டு வீரரின் ஆற்றல் பற்றாக்குறை நோய் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். மருத்துவர் இதைச் சுருக்கமாக ‘ரெட்-எஸ்’ என வழங்குகின்றனர்.

இவற்றுள் மிகக் கொடியது எலும்பின் இழப்பே என்பேன். மனிதன் தன் வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்துவைக்கும் எலும்பு வலிமையின் பெரும்பகுதி இருபது வயதையொட்டிச் சேர்ந்துவிடுகின்றது. இவ்விளையாட்டில் உச்சத்தை எட்டுவோரும் அவ்வயதினரே. கார்ன்பிரெட் அம்மையாரே 16 வயதில் உலகக் கோப்பைப் போட்டிகளில் அடியெடுத்து வைத்தவர். சேமிக்க வேண்டிய காலத்தில் முதலையே எடுத்துச் செலவழிப்பவர் முதுமையில் எதைக் கொண்டு நிற்பார்? பதக்கம் சுவரில் தொங்கும். இழந்த எலும்போ முழுமையாகத் திரும்புவது அரிது.

பசி உடலை மட்டும் வதைப்பதில்லை, உள்ளத்தையும் சிறைப்பிடிக்கின்றது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். மனச்சான்றின் பொருட்டுப் போரிட மறுத்த 36 இளைஞர் அதற்குத் தம்மையே ஒப்படைத்தனர். போரினால் பட்டினி கிடக்கும் மக்களை மீட்கும் வழியை மருத்துவர் அறிய வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். 24 வாரங்கள் அவர்கள் அரைவயிற்று உணவு உண்டு, தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். நல்ல மனத்திடமுள்ள அவ்விளைஞர்களும் எந்நேரமும் உணவையே எண்ணினர். உணவையே கனவு கண்டனர். சமையல் நூல்களைச் சேகரித்தோரும் உண்டு. எரிச்சலும் சோர்வும் அவர்களை ஆட்கொண்டன. திடமான ஆண்களுக்கே இந்நிலை எனில், பதினாறு வயதில் தனியே தன் தட்டைப் பார்த்து அஞ்சும் ஒரு பெண்ணின் நிலை என்னவாகும்? அவர் மனவலிமை குறைந்தவர் என்று யாரும் சொல்லற்க. அது நோய், அதற்கு மருத்துவமும் அன்பும் வேண்டும்.

இந்நோய் நெடுங்காலம் வெளியே பேசப்படவில்லை. மெலிவே திறமை என்று நம்பிய உலகில், நோயை ஒப்புக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வது போலிருந்தது. 2021-இல் கேரலைன் டிரெட்வே என்னும் அமெரிக்கப் பெண்மணி, பாறையேறுவோரிடையே உள்ள உணவு நோய்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ‘லைட்’ என்பது அதன் பெயர். எடையின்மை, ஒளி என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. புகழ்பெற்ற ஏறுவோர் சிலர் அதில் தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைத்தனர். மறைவில் இருந்தது ஒளிக்கு வந்தது.

2023-இல் இன்னும் பெரிய நிகழ்ச்சி நேர்ந்தது. இவ்விளையாட்டை உலகளவில் ஆளும் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவில் நெடுங்காலம் பணியாற்றிய ஒய்கன் புர்ட்ஷர், ஃபோல்கர் ஷோஃப்ல் என்னும் இரு மருத்துவர் தம் பொறுப்பைத் துறந்தனர். மெலிந்து நலிந்த இளைஞரைக் காக்கும் விதிகளை வகுக்குமாறு தாங்கள் கூறியும் கூட்டமைப்பு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அவர்களின் குறை. பதவியில் நீடித்து மௌனமாய் இருப்பதைவிட, வெளியேறி உண்மை பேசுவது மேல் என்று அவர்கள் கண்டனர். அதே ஆண்டில் கார்ன்பிரெட் அம்மையாரும் துணிந்து பேசினார். அடுத்த தலைமுறையை எலும்புக்கூடுகளாகவா வளர்க்கப்போகின்றோம் என்னும் பொருள்பட அவர் வினவினார். உச்சியில் நிற்பவர் தம் உச்சியைப் பற்றி மட்டும் எண்ணாமல், கீழே ஏறிவரும் சிறுவர் சிறுமியரை எண்ணிப் பேசியது போற்றத்தக்கது.

இக்குரல்கள் வீண்போகவில்லை. 2024-இல் கூட்டமைப்பு புதிய விதிகளைக் கொணர்ந்தது. சர்வதேசப் போட்டிகளில் கலந்துகொள்ள விரும்பும் ஒவ்வொருவருக்கும் உடல்நலச் சோதனை நடத்தி, அந்தந்த நாட்டு அமைப்பு சான்று அளிக்க வேண்டும் என்று பணித்தது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் ஓர் எண் மட்டும் நோயைக் காட்டிவிடாது என்பது உண்மையே. இயல்பாகவே மெலிந்தவர் நலமாய் இருக்கலாம். பார்வைக்குத் திடமானவர் உள்ளே நலிந்திருக்கலாம். ஆயினும் காவலே இல்லாத வாசலைவிடக் குறையுள்ள காவலும் நன்று. பனிச்சறுக்குத் தாண்டுதல் என்னும் விளையாட்டில் 2004-ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஏற்பாடு வந்துவிட்டது. அங்கே எடை மிகக் குறைந்தவர் நீளம் குறைந்த பலகைகளையே அணிய வேண்டும். ஆகவே பட்டினியால் கிடைக்கும் ஆதாயத்தைப் பலகை பறித்துக்கொள்ளும். பாவத்தைக் கண்டிப்பதோடு நில்லாமல், பாவத்துக்குக் கிடைக்கும் பரிசையும் நீக்கிய அறிவுடைமை அது.

அங்ஙனமாயின், ஏறுவோர் எப்படித்தான் உண்ண வேண்டும்? இதில் மறைபொருள் ஏதுமில்லை. பயிற்சிக்கேற்ற அளவு சோறோ ரொட்டியோ கிழங்கோ வேண்டும். முன்கைத் தசைகள் கடுமையாக உழைக்கும்போது எரிப்பது மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரையையே. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பர். 55 கிலோ எடையுள்ளவருக்கு அது 66 முதல் 110 கிராம் ஆகும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறையலாகாது. இறைச்சி உண்டே தீரவேண்டும் என்பதுமில்லை. 2017-இல் கலிபோர்னியாவின் எல் கப்பித்தான் பாறையில் கயிறின்றித் தனியே ஏறி உலகை வியக்கவைத்த அலெக்ஸ் ஹானல்டு மரக்கறி உணவினரே.

2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 44 பாறையேறுவோரை அளந்து பார்த்தது. அவர்களிடையே திறமையில் இருந்த வேற்றுமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, பயிற்சியால் பெறத்தக்க பண்புகளாலேயே விளைந்தது. சிறந்து ஏறுவதற்குத் தனிப்பட்ட உடலமைப்பு எதுவும் கட்டாயம் அன்று என்பது அதன் முடிவு. பயிற்சி வலிமையாக மாற வேண்டுமெனில் உணவு வேண்டும். உண்ணாதவர் பயிற்சி செய்வது, விதையின்றி உழுதுகொண்டே இருப்பதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் என்னைத் தடுத்துக் கேட்கலாம்: “சுவாமி, தவக்காலந்தோறும் ஒருசந்தி இருங்கள், சுத்தபோசனம் அனுசரியுங்கள் என்று பிரசங்கிப்பவர் நீங்களே அல்லவா? உண்ணாதிருத்தல் புண்ணியம் என்று கற்பித்துவிட்டு, இப்போது அது நோய் என்கிறீர்களே?” கேள்வி நியாயமானதே. ஆகவே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன்.

ஒருசந்திக்கு எல்லை உண்டு. திருச்சபைச் சட்டம் 18 வயது நிரம்பியோரையே ஒருசந்திக்குக் கட்டுப்படுத்துகின்றது. அறுபதாம் வயது தொடங்கியவுடன் விடுவிக்கின்றது. நோயாளிகளை அது கட்டாயப்படுத்துவதில்லை. ஒருசந்தி நாளிலும் ஒருவேளை நிறைவாக உண்ண இசைவு உண்டு. அதற்குப் பின்னே பாஸ்கா விருந்து காத்திருக்கின்றது. மேலும், நாம் உண்ணாமல் விட்டது பசித்திருக்கும் அயலானின் தட்டுக்குச் சேரவேண்டும். மின்னசோட்டாவில் பசித்திருந்த இளைஞரின் நோக்கமும் அத்தகையதே. எடையின் பொருட்டுக் கிடக்கும் பட்டினிக்கோ எல்லை இல்லை, விருந்து இல்லை, அயலான் இல்லை. அங்கே இருப்பவை எடைக்கருவி ஒன்றும், அதன்முன் நிற்கும் தனி ஆன்மா ஒன்றுமே. ஒருசந்தி, உடலை இறைவனுக்குக் காணிக்கையாக்குகின்றது. அப்பட்டினி, தூய ஆவியின் ஆலயமாகிய உடலின் கற்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்து விற்கின்றது. ஆகவே, பக்தியின் பெயரால் ஒரு பிள்ளை அளவுகடந்து உணவை ஒறுத்தால், அப்பிள்ளைக்குக் கீழ்ப்படிதலே பெரிய ஒறுத்தல் என்று சொல்லி உண்ணச் செய்வது ஆன்ம குருவின் கடமை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் உடலைப் பற்றி நாம் விளையாட்டாய்ச் சொல்லும் ஒரு சொல், நாம் மறந்த பின்னரும் அதன் உள்ளத்தில் கிடக்கும். பிள்ளை உணவு வேளையில் சாக்குச் சொல்லி நழுவுகின்றதா, ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிடுகின்றதா, மகளின் மாத ஒழுங்கு தவறுகின்றதா, அடிக்கடி காயமோ எலும்பு முறிவோ நேர்கின்றதா என்று தாய் கவனிக்க வேண்டும். கவனித்தபின் கடிந்துகொள்ளாமல், தாமதியாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பரிசு வாங்கி வரும் பிள்ளையிடம் இக்கேள்விகளைக் கேட்பது கடினம். வெற்றி நம் கண்ணையும் மறைத்துவிடுகின்றது. அந்த இரு மருத்துவர் பதவியையே துறந்து கேட்ட கேள்வியை, நாம் உணவு மேசையருகே கேட்கத் தயங்கலாமா?

யாயீர் என்பவரின் வீட்டில் நம் ஆண்டவர் செய்த அற்புதத்தை நினைவூட்டி முடிக்கின்றேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி இறந்து கிடந்தாள். ஆண்டவர் அவளுடைய கையைப் பிடித்து எழுப்பினார். அவள் எழுந்து நடந்தாள். சுற்றி நின்றோர் மலைத்துப்போயினர். அம்மலைப்பில் அவர்கள் மறந்துவிட்ட ஒன்றை ஆண்டவர் மறக்கவில்லை. அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்குமாறு பணித்தார் என்று புனித மாற்கு எழுதுகின்றார். உயிரையே திருப்பிக் கொடுத்தவர், அவ்வுயிர் நிலைக்க உணவு வேண்டும் என்பதையும், அதைக் கொடுக்கவேண்டியவர் பெற்றோரே என்பதையும் அறிந்திருந்தார்.

நம் பிள்ளைகள் எவ்வளவு உயரம் வேண்டுமாயினும் ஏறட்டும். ஏறுமுன் அவர்களுக்கு உண்ணக் கொடுப்போம்.